எங்கோ போகவேண்டியவள்

பணிப்பதிவேட்டில் பிறந்த தேதி சரிபார்க்கச் சொன்னார்கள்.
பீரோவின் அடித்தட்டைக் கவிழ்த்தேன்.
பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு
ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு தாள்,
எஸ்தர் டீச்சரின் பச்சை மை:
"பஞ்சவர்ணத்திடம் அபாரத் திறமை இருக்கிறது.
முயன்றால் எங்கோ போய்விடுவாள்."

எங்கோ.
மாட்டுத்தாவணியின் எல்லா நடைமேடையிலும்
நின்றிருக்கிறேன் டீச்சர்.
நத்தம் இருக்கிறது, ராஜபாளையம் இருக்கிறது,
அறந்தாங்கிக்கு நள்ளிரவிலும் வண்டி இருக்கிறது.
அந்த ஊர்ப் பலகை மாட்டி மட்டும்
ஒன்றும் வரவில்லை.

முப்பதில் அந்த வரி குத்தியது.
போட்டித் தேர்வு இரண்டு மதிப்பெண்ணில் போனதை
கண்ணெதிரே ரயில் போனமாதிரி
சொல்லிக்கொண்டு திரிந்தேன்.
நாற்பதில், கூடப் படித்த மெகராஜ் பானு
துபாயிலிருந்து அனுப்பும் படங்களை
பெரிதாக்கிப் பெரிதாக்கி
அவள் பால்கனியில் என்னைத் தேடினேன்.

எனக்குள் இன்னொருத்தி
வாடகை தராமல் குடியிருந்தாள்.
என்னைவிட உயரம். ஆங்கிலம் தட்டாது.
நான் மாவு கரைக்கும்போது
பின்னால் நின்று
கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள்.

இன்று மேலூருக்குத் தெற்கே
கொன்னைக் கண்மாயில் வண்டல் அளக்கும் வேலை.
மடையோரம் துருப்பிடித்த பலகை:
முழுக் கொள்ளளவு இருபத்தாறு மில்லியன் கன அடி.
என் பிறப்புக்கு முந்திய பெயிண்ட்.
கோலை இறக்கினேன். சேறு செருப்பை வாங்கிக்கொண்டது.
முப்பது இடத்தில் இறக்கிக் கணக்குப் போட்டால்
பதினேழு.

இத்தனை வருடமும் நாங்களே
இருபத்தாறு என்றுதான் எழுதிவந்தோம்.
எழுதுவதில் என்ன,
தண்ணீர் வந்து படித்துப் பார்க்கவா போகிறது?

"மீதி ஒம்பது எங்க போச்சு மேடம்?"
டேப்பைச் சுருட்டியபடி பொன்னிருளன் கேட்டான்.
எங்கயும் போகலப்பா. உள்ளதான் கெடக்கு, மண்ணா.
மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக
மலை கொண்டுவந்து போட்டது.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
பெரியாஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவுடன் பதினெட்டு மாதம்.
வீட்டுக்காரரின் லேத் பட்டறைக் கடன்.
இளையவளின் மூச்சிரைப்பு,
ராத்திரி ரெண்டு மணிக்கு நெபுலைசர் இரைச்சல்.
பிறகு, சும்மா மொட்டைமாடியில் மல்லாந்து கிடந்த
எண்ணற்ற ஞாயிற்றுக்கிழமைகள்.
அவற்றைத் தியாகக் கணக்கில் ஏற்றமாட்டேன்.
சுகமாக இருந்தன.

கரையில் இருவருக்கு வாய்ச்சண்டை.
மேல்மடைக்காரர்: "தை பொறக்குமுன்ன வத்திருது,
இது கண்மாயா, தாம்பாளமா?"
கீழ்க்கண்மாய்க்காரர் சிரிக்கிறார்:
"முன்னல்லாம் மூணு மழை வேணும்.
இப்ப ஒரு மழைக்கே மறுகால் பாஞ்சு
எங்களுக்கு வந்திருதுல்ல."
இருவரும் என்னைப் பார்த்தார்கள், தீர்ப்புக்கு.
நான் சர்க்கார் ஆள், அளக்க மட்டுமே வந்தவள்.

பதிவேட்டில் பதினேழு என்று எழுதினேன்.
ஏழு கொஞ்சம் கோணியது.
கையெழுத்துப் போட்டேன்.
பொன்னிருளன் பலகையைப் பார்த்தான்:
"இதையும் மாத்தணுமா மேடம்?"
அதுக்குத் தனியா டெண்டர் விடணும் என்றேன்.

ராத்திரி மாவு கரைக்கையில்
திரும்பிப் பார்த்தேன்.
நின்றுகொண்டுதான் இருந்தாள்.
அவளுக்கும் முழங்கால் வலிக்குமாயிருக்கும்,
இத்தனை வருடம் நின்றே பழகியவளுக்கு.
ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்காரு, ரெண்டு தோசை சாப்பிடு என்றேன்.

பிய்த்து வாயில் வைத்தாள்.
உப்பு கம்மி என்றாள்.
ருசி பார்த்தேன்.
கம்மிதான்.