காயப்போடுதல்

முதல் தடவை பயந்துதான் போனேன்.
"இன்று என் குழந்தையை வெயிலில் காயப்போட்டேன்"
என்றது மொழிபெயர்ப்புச் செயலி.
வாளை மீன் கண்டெய்னருக்கு எடை கேட்டு
நான் அனுப்பிய செய்திக்குக் கீழே
பல் முளைக்காத ஒரு பயல்,
தலையில் தர்பூசணித் தோல்.

மறுவாரம் பூனையைக் காயப்போட்டாள்.
அப்புறம் நூடுல்ஸ் கிண்ணம், புதுச் செருப்பு,
மழையில் நனைந்த பேருந்து நிறுத்தம்,
ஒரு நாள் சம்பளச் சீட்டையே.

சிங்காரத்தோப்பில் வலைக்கூடத்துக்குப் பின்னால்
பாய் பாயாய் நெத்திலி காய்வதைப் பார்த்தபடி
ஷிப்பிங் பில் நிரப்புகிறவள் நான்.
எதைக் காயப்போடுவார்கள், எதைப் போடமாட்டார்கள் என்று
எனக்குத் தெரியாதா?

கேட்டே விட்டேன்.
ஷாய், என்றாள் ஹுயிலான், நிங்போவிலிருந்து.
வெயிலில் உலர்த்துகிற சொல்தான்.
ஷேர் என்ற ஓசைக்குப் பக்கத்தில் கிடந்ததை
யாரோ எடுத்து வைத்துக்கொண்டார்களாம்.
எழுதியும் காட்டினாள்:
ஒரு சூரியன், அதை ஒட்டி மேற்கு.

எங்களுக்கும் உண்டு, காய் என்றொரு வேர்.
துணி காயும், கருவாடு காயும், வயிறு காயும்.
எதையும் உலர்த்தாமல் நிலா காயும்.
அடுத்த வீடு எரிந்தால்
குளிர் காய ஆள் வரும்.
ஆளையே காயப்போடலாம்:
தம்மாமிலிருந்து பதினொரு நாளாய்
இரண்டு நீலக் குறி, பதில் இல்லை.
இதைச் செயலிக்குள் போட்டால்
அவளுக்கு என்ன போய்ச் சேரும்?

ஐப்பசி. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.
பாயைச் சுருட்டி, நெத்திலியைக் குவித்து,
நீலத் தார்ப்பாய் மூடி
நாலு மூலைக்கும் கல் வைத்தாயிற்று.
"நீ இன்று என்ன காயப்போட்டாய்?"
வழக்கமாய்க் கேட்பதுதான்.

முகத்தை எடுத்தேன். அழித்தேன்.
டீ கிளாஸை எடுத்தேன், அதையும் அழித்தேன்.
கடைசியில் தார்ப்பாயை அனுப்பினேன்,
குழி விழுந்து மழை தேங்கிய இடம் மட்டும்.
"இங்கே வெயில் இல்லை."

நெடுநேரம் கழித்து வந்தது:
"ஈரத்தோடு மூடி வைக்காதே.
புழு வைத்துவிடும்."

மீனைத்தான் சொன்னாளா என்று கேட்கவில்லை.
குடையில்லாமல் இறங்கிப் போய்
ஒரு மூலைக் கல்லை மட்டும்
எடுத்து வைத்துவிட்டு வந்தேன்.