பத்தொன்பது அங்குலம்

குத்தாயிசியில் இரவு முழுக்க மழை.
காலையில் பார்த்தால்
முன் இடது காலை மடக்கி
உட்கார்ந்திருக்கிறது வண்டி,
கடன்காரர்கள் வருவது தெரிந்தும் எழாத பிரபு மாதிரி.
சாவியைத் திருப்பினேன்.
அடியில் எங்கோ கம்ப்ரஸர் முனகியது,
போன மாதத்தைவிட அரைச் சுருதி இறங்கி.
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவள் நான்.
இது மட்டும் எனக்குத் தப்பாது.

ருஸ்தாவி சந்தையில் வாங்கினோம்
நானும் தம்பி பத்ரியும், ஆளுக்குப் பாதி.
அமெரிக்கப் பல் டாக்டர் ஒருவர்
மரத்தில் மோதி, ஏலத்துக்கு விட்டது.
கதவுப் பையில் அவருடைய பார்க்கிங் சீட்டு
இன்னும் கிடக்கிறது.
தோல் இருக்கை, வால்நட் பலகை,
பக்கத்து சீட் மட்டும் சூடாகும்.
அங்கே என் கருவிப்பெட்டி குளிர்காய்கிறது.
பத்ரி இப்போது க்டான்ஸ்கில்
கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறான்.
வண்டியில் அவன் பாதி எது என்று
இதுவரை சொன்னதில்லை.
கெட்டுப்போவதெல்லாம் என் பாதியில்.

ஒத்தாரி சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு
படுத்துக்கொண்டு பார்த்தான்.
குழாய் மூட்டில் ஒரு குமிழ்,
வெடித்து,
இன்னொரு குமிழ்.
"வளையம் நாலு லாரி. கழற்றி மாட்ட எண்பது."
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
யானை இருந்தாலும் ஆயிரம் பொன்
இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிறார்கள்.
இரண்டுக்கும் நடுவே
மூச்சிரைக்கும் யானைக்கு
யாரும் விலை சொல்லிவைக்கவில்லை.

அப்புறம் டயர்.
இருபது அங்குலச் சக்கரத்தில்
அப்பளம் போல் மெல்லிய ரப்பர்.
நவம்பர் தாண்டினால் நகெராலா கணவாயில்
அதை நம்பி ஏற முடியாது.
ஓனி இசைப்பள்ளியில் ஒரு பியானோ
குளிரில் கம்பி தளர்ந்து காத்திருக்கிறது.
"விற்காதே லமாரா, அதுதான் வண்டிக்கு முகம்"
போனில் பத்ரி.
"முகத்தால் மலை ஏற முடியுமா?"
பின்னால் யாரோ போலிஷ் மொழியில் கத்த
அவன் வைத்துவிட்டான்.

பதினெட்டு வாங்கலாம், தடியாக இருக்கும், மலிவும்கூட.
இரவல் சக்கரம் ஒன்றை மாட்டிச் சுழற்றினான் ஒத்தாரி.
கர்ர்ர்.
முன் பிரேக்கின் தாடை உள்ளே உரசியது.
இவ்வளவு பெரிய பிரேக் எதற்கு
நிற்பதே தொழிலாகிவிட்ட வண்டிக்கு?
ஆக, பத்தொன்பது.

சியாலாவின் கடையில்
ஜெர்மனியிலிருந்து வந்த பழையவை நான்கு.
"அதிகம் ஓடாதது, பல் பார்."
நான் பல்லைப் பார்க்கவில்லை.
டார்ச் அடித்து ஓரத்து எண்களைத் தேடினேன்:
பூஜ்யம் எட்டு, ஒன்று ஏழு.
பதினேழாம் வருடம், எட்டாவது வாரம்.
நகத்தால் அழுத்தினேன், பதியவில்லை.
வயதை மறைக்கச் சாயம் வேறு பூசியிருந்தாள்.
என் தலையைப் பார்த்தாள்,
நானும் அவளுடையதைப் பார்த்தேன்,
இருவரும் சிரித்துவிட்டோம்.
புதியதாகவே நான்கும் எடுத்தேன்,
பெயர் தெரியாத கம்பெனி, மூன்று தவணை.
இருபது அங்குல முகத்தை
கல்யாண ஊர்வலத்துக்கு வண்டி விடும் ஒருவன்
பேரம் பேசாமல் தூக்கிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை கணவாயில் பனி.
உயர்த்தும் பொத்தானை அழுத்தினேன்.
திரையில் மரியாதையாக ஒரு வரி:
கோளாறு உள்ளது, மெதுவாகச் செல்லவும்.
மெதுவாகத்தானே செல்கிறேன் ஐயா.
வளைவில் ஒருமுறை பின்பக்கம் விலகியது,
வயிறு கலங்கியது,
ரப்பர் கடித்தது, நின்றோம்,
மறுபடி ஏறினோம்.
கருவிப்பெட்டிக்கு எதுவும் தெரியாது,
சூடாக இருந்தது.

ஓனியில் மூன்று மணிநேரம்.
மேல் கம்பிகள் சொன்னபடி கேட்டன.
கீழே ஒன்று, எவ்வளவு முறுக்கியும்
கைவிட்டதும் இறங்கியது.
வெளியே வந்தேன்.
புது டயர் நான்கும் கம்பீரமாக நிற்க
அவற்றின் மேல் வண்டி
இடப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.
கூரைப் பனியும் அந்தப் பக்கமே வழிந்திருந்தது.
சாவியைத் திருப்பி
காதைத் தீட்டிக்கொண்டேன்.