நாற்பது அடி

ஆறு நாற்பதுக்குத் தோட்டப்பாளையத்தில்
கம்பெனி பஸ் ஏறினால் ஆம்பூர் வரைக்கும் தூங்கலாம்.
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் ஆனால்
எனக்கு விழிப்பு வந்துவிடும்.
அங்கிருந்து மூன்றாவது கிலோமீட்டர்,
இடது பக்கம், பச்சை கேட்,
தாட்சாயணி, உன் வீடு.

மூன்று. இரண்டு. ஒன்று.
தூரம் ஒரே சீராகக் குறைகிறது.
பிறகு
ஒன்று. இரண்டு. மூன்று.
டிரைவர் ஏகாம்பரத்தின் முள் அறுபதில் அசையாமல் நிற்கிறது.
பஸ்ஸுக்குள் எதுவும் நடக்கவில்லை,
யாரோ கொட்டாவி விடுகிறார்கள்.
தூரத்துக்கு மட்டும் முதுகு ஒடிந்துவிட்டது.

பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் கேட்டிருந்தார்கள்:
பூஜ்யத்தில் மட்டுச் சார்பின் வகைக்கெழு என்ன?
பூஜ்யம் என்று எழுதினேன்.
மைனஸ் ஒன்றும் ப்ளஸ் ஒன்றும் மல்லுக்கு நின்றால்
நடுவில் பூஜ்யம்தானே நியாயம்,
பஞ்சாயத்து அப்படித்தானே தீர்க்கும்.
இரண்டு மார்க் போச்சு.

இப்போது ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்.
இடது ஏழு, வலது எட்டு என்று வந்தால்
பெட்டிமேல் ஏழரை என்று எழுத முடியாது.
ஜோடி இல்லை. தள்ளு.
இடமிருந்து வந்தால் மைனஸ் ஒன்று,
வலமிருந்து வந்தால் ப்ளஸ் ஒன்று.
அந்தப் புள்ளியில் சாய்வு பூஜ்யம் அல்ல,
சாய்வே இல்லை.
இல்லை என்பதும் பூஜ்யம் என்பதும் வேறு வேறு என்று
நாம் பேசாத ஐந்து வருஷத்தில் தெரிந்துகொண்டேன்.

மட்டுக்குறியைப் பார், இரண்டு நிலைக்கால்,
விட்டம் வைக்க மறந்த வாசல்.
உள்ளே போகிறவர்கள் கழித்தல் குறியைச்
செருப்பு மாதிரி வெளியே விடவேண்டும்.
நான் உனக்குத் தரவேண்டியதா, நீ எனக்கா
என்பதுதானே நம் தகராறு.
உள்ளே அது வெறும் நாற்பதாயிரம்.

இன்னொன்று, நானே எனக்கு மறைத்துவைத்திருந்தது.
உன் வாசற்படி ரோட்டிலிருந்து நாற்பது அடி உள்ளே.
ஆகவே நம் தூரம் ஒருநாளும் பூஜ்யம் ஆனதில்லை.
எட்ட நின்று பார்த்தால்தான் கூர்முனை.
கிட்டே போனால் வளைவு,
பானையின் அடிவயிறு போல வழுவழுப்பு.
அங்கே வகைக்கெழு உண்டு, அது பூஜ்யம்,
அன்று போன இரண்டு மார்க்கும் உண்டு.
நாற்பது அடி இருக்கிற மட்டும்
எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை அரை நாள்.
திரும்பும்போது நிறுத்தச் சொன்னேன்.
"இங்க ஸ்டாப்பே இல்லியேம்மா" என்றார் ஏகாம்பரம்,
நிறுத்திவிட்டு.
நடுரோட்டு அரளிச் செடிகளுக்குள் புகுந்து
எதிர்ப்பக்கம் போனேன். ஒரு லாரி திட்டிவிட்டுப் போனது.

முப்பது. இருபது.
கொடியில் ஒரு சின்னப் பிள்ளைச் சட்டை,
யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.
பத்து.
செருப்பைக் கழற்றினேன்.

காலிங் பெல் வேலை செய்யவில்லை.
தட்டினேன்.