நாலாம் விரல்

மே மாதம் மத்தியானம் ரெண்டு மணிக்கு
பாகாயத்தில் அந்த ஹாலைத் திறந்தால்
பியானோ அனல் மூச்சு விடும்.
மேல் ஸ்தாயியில் ஒரு கறுப்புக் கட்டை
அழுத்தினால் இறங்கும், ஏற மறந்துவிடும்.
நகத்தால் நெம்பிவிட்டு
முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாசிப்பது எட்யூட். இரண்டே பக்கம்.
வலது கைக்கு மூச்சு விட இடமில்லை.
எழுதியவருக்கு என் நாலாம் விரல்மேல்
ஏதோ பழைய பகை.
இடது கையில் ஒரு மெட்டு இருக்கிறதாம்.
வலது ஓடுகிற ஓட்டத்தில்
ஏழு வாரமாய் நான் அதைக் கேட்டதில்லை.

நாலாம் விரலுக்குத் தனிக் குடித்தனம் கிடையாது.
புறங்கைத் தோலுக்கு அடியில்
பக்கத்து விரல்களோடு அதை
நாண் போட்டுக் கட்டியிருக்கிறது.
இது எனக்குத் தொழில்முறையில் தெரியும்.
வாரத்தில் ஐந்து நாளும், கை சிகிச்சைப் பிரிவில்,
இந்த விரல்தான் எனக்குச் சம்பளம்.

மேல்விஷாரம் முனவ்வர்.
தோல் சீவும் மெஷினுக்குள் போய் வந்த கை.
தசைநாண் தைத்து எட்டாவது வாரம்.
"உள்ளங்கை மேசைமேல. அந்த விரல் மட்டும். தூக்குங்க."
ஒன்று.
நடுவிரல் ஒத்தாசைக்கு ஓடி வரும்,
அமுக்கிப் பிடித்துக்கொள்வேன்.
இரண்டு.
நெற்றியெல்லாம் வேர்வை,
விரல் ஓர் அரிசி உயரம் எழும்பும்.
"இதுல என்னா மேடம் ஆவப்போவுது?"
பத்து முடிந்ததும், இன்னும் ஒரு பத்து என்பேன்.
சொல்லும்போது என் கையும்
மேசைக்கடியில் கூசும்.

ஹால் படியில் நிழலுக்கு உட்காரும்
வாட்ச்மேன் எத்திராஜுலு
ஏழாவது சனிக்கிழமை கேட்டார்:
"ஏம்மா, இந்தப் பாட்டு முடியவே முடியாதா?"
பாட்டு இல்லீங்க, பயிற்சி.
"அப்போ பாட்டு எப்போ?"

போனில் மெட்ரோனோம் அடித்துக்கொண்டிருந்தது.
அதைச் சாக்கு வைத்துப் பதில் சொல்லாமல் விட்டேன்.
அறுபதில் சுத்தம். எழுபத்திரண்டிலும் பரவாயில்லை.
எண்பதில், பன்னிரண்டாவது வரி
தையல் பிரிந்த கேழ்வரகு மூட்டை.

போன செவ்வாய்க்கிழமை
பத்து எண்ணி முடித்து
ஃபைலைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்,
மேசையில் சத்தம்.
தட். த-தட். தட்...
த-தட்.
நாலாம் விரல் கொஞ்சம் பிந்தி விழுந்தது.
பிந்தி விழுந்ததால்தான்
அது நடக்கிற மாதிரி இருந்தது.
பத்து வரைக்கும் நான் சொன்னது.
பதினொன்று அவருடையது.

என்ன அது, என்றேன்.
"மெஷின் மேடம். பெல்ட்டுல ஒரு ஒட்டு இருக்கும்,
ரோலர்ல ஏறும்போது இப்டித்தான் விக்கும்.
பதினாலு வருசம் கேட்டாச்சு."
சிரித்தார். விரல் நிற்கவில்லை.

தன்னைக் கடித்ததை
அது வாசித்துக்கொண்டிருந்தது.

தூக்கும் கோணம் இருபது டிகிரி என்று எழுதினேன்.
மற்றதை எழுத ஃபைலில் கட்டம் இல்லை.

இன்று சனிக்கிழமை.
ரெண்டாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடி வந்ததில்
முழங்கை வரை கம்பியின் சூடு.
எண்பது. பன்னிரண்டாவது வரி. என் விரல் பிந்தியது.
அப்படியே விட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
விடவில்லை. திருத்தினேன்.
மறுபடியும் திருத்தினேன்.
முனவ்வருக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா,
தெரியவில்லை,
விரல் சுத்தமாக விழுந்தால்தானே
பிந்துவதற்கு ஓர் இடம் இருக்கும்?

எண்ணிக்கை தவறிப்போன ஏதோ ஒரு தடவையில்
எத்திராஜுலு குச்சியை ஊன்றி எழுந்தார்.
கிளம்புகிறார் என்று நினைத்தேன்.
உள்ளே வந்து ஃபேனைப் போட்டுவிட்டு
மறுபடி போய் உட்கார்ந்தார்.

தாள் படபடத்துக் கிளம்பியது.
வலது கை அதைப் பிடிக்கப் போய்விட,
இடது கை நிற்கவில்லை,
தன்பாட்டுக்கு
போய்க்கொண்டிருந்தது.