அடியெடுத்துக் கொடுப்பவள்

மேடைக்கு நடுவே ஒரு குழி.
அதற்குள் நான், ஒரு முக்காலி, ஒரு மெழுகுவத்தி,
நாடகப் பிரதி.
இருபத்திரண்டு வருடங்களாக
குத்தாயிசி அரங்கில் நான் கண்டதெல்லாம்
நடிகர்களின் முழங்கால்கள்.
யாருக்குப் பயம், யாருக்குக் குடி,
முகத்தைவிட முழங்கால் சீக்கிரம் சொல்லிவிடும்.

அந்தக் குளிர்காலம் நகரத்தில் மின்சாரம் இல்லை.
நுழைவுச் சீட்டுக்கு ஒரு விறகுக் கட்டை.
ஈரமில்லாததாய்க் கொண்டுவரவும் என்று
வாசலில் எழுதி ஒட்டியிருந்தோம்.
யாரும் மதிக்கவில்லை.
மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்தார்கள்.
சிரித்தால் அவர்கள் வாயிலிருந்து புகை வந்தது,
அழுதாலும்.

நாடகம் இது:
பஞ்சத்தில் ஊர்க் களஞ்சியத்தை உடைத்தவன் மகன்.
தீர்ப்புச் சொல்லவேண்டியவன் தகப்பன்.
தகப்பனாக ஓத்தியா, தாயாக லாமாரா.
மூன்றாம் அங்கத்தில் அவள் அவன் காலைக் கட்டிக்கொள்வாள்.
அந்த ஒரு காட்சிக்காகத்தான்
ஊர் விறகு சுமந்து வந்தது.

இனி, நாடகத்தில் இல்லாதது.
நவம்பரில் எங்கள் கிடங்கிலிருந்து
ஒரு மூட்டை மாவு காணாமல் போனது.
குழந்தைகள் காப்பகத்துக்காக வைத்திருந்த மாவு.
துப்பாக்கிகளோடு வந்தவர்கள் ஒரு பெயர் கேட்டார்கள்.
ஓத்தியா எழுதிக் கையெழுத்துப் போட்டான்:
விளக்குக்காரன் நுக்சார்.
ரியோனிப் பாலம் தாண்டி அழைத்துப்போனார்கள்.
திரி கத்தரிக்கும் கத்தரி
அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

மூட்டையைத் தூக்கிப்போனது ஓத்தியாதான்.
நான் பார்த்தேன்.
அவன் மகளுக்கு நெஞ்சில் சளி கட்டிப் பதினோரு நாள்.
மறுநாள் என் கதவைத் தட்டி
இரண்டு கிண்ணம் மாவு தந்தான்.
ஏன் என்று நானும் கேட்கவில்லை.
சுட்டேன். தின்றோம்.

அன்றிரவு தீர்ப்புக் காட்சி.
ஓத்தியா வாயைத் திறந்தான். சொல் வரவில்லை.
புகைகூட வரவில்லை.
அவன் முழங்கால் என் பக்கம் திரும்பியது.

அடுத்த அடி என் விரலுக்குக் கீழே இருந்தது:
"திருடியவன் யாரென்று எனக்குத் தெரியும்."
நான்கே சொல்.
நான் மூச்சு விட்டால் போதும்.

விடவில்லை.

முன்வரிசையில் ஒருவர் இருமலை விழுங்கினார்.
லாமாரா, பாவம், ஒன்றும் தெரியாமல்
ஒத்திகையில் இல்லாத ஒரு விசும்பலால்
இடைவெளியை அடைத்துப் பார்த்தாள்.
சொல்லட்டும் என்றிருந்தேன்.
தன் அடியைத் தானே எடுக்கட்டும்,
இந்த முந்நூறு மேலங்கிகளுக்கு முன்னால்.

அப்போதுதான் நாக்கில் அந்த ரொட்டி வந்தது.
உப்புப் போட மறந்த ரொட்டி.
என் சின்னவன் கேட்டு வாங்கித் தின்ற
இரண்டாம் துண்டு.

எடுத்துக் கொடுத்தேன்.
அவன் சொன்னான்.
அதற்கு முன்னும் பின்னும் அப்படிச் சொன்னதில்லை.
அரங்கம் எழுந்து நின்றது.
கையுறையோடு தட்டும் கைகள்,
கூரையிலிருந்து பனி சரிவதுபோல.

விளக்கு அணைக்குமுன் குனிந்து
குழிக்குள் கேட்டான்:
"ஏதாவது சொல்லை விட்டுவிட்டேனா?"
"இல்லை," என்றேன். "எல்லாம் பிரதியில் உள்ளபடியே."

பிறகு விறகைப் பங்கு பிரித்தோம், ஆளுக்கு ஒன்பது.
கணக்கெழுதுகிறவள் பழக்கதோஷத்தில்
நுக்சாருக்கும் ஒன்பது எண்ணிச்
சுவரோரம் அடுக்கிவிட்டாள்.
யாரும் திருத்தவில்லை.

மார்ச்சில் பனி உருகியபோதும் அவை அங்கேயே.
எங்களிடம் இருந்ததிலேயே
நன்றாகக் காய்ந்த கட்டைகள்.