எடைமேடையில் ஆறுமணி

எங்கள் மலைக்குப் பெயர் கிடையாது. யார்டு என்போம்.
கொடுங்கையூரில் இறங்கி யாரைக் கேட்டாலும்
மூக்கைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் வழி காட்டுவார்கள்.

எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், சிவப்பில் ஒரு எண் எரியும்.
கொட்டிவிட்டு இறங்கும், இன்னொரு எண்.
பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால்
அன்றைக்கு நகரம் வேண்டாம் என்றது எவ்வளவு என்று தெரியும்.

இரண்டு எண்ணுக்கும் இடையில்
பைனாகுலரை எடுப்பேன்.
பர்மா பஜாரில் எழுநூறு சொல்லி நானூற்றைம்பதுக்கு விட்டது.
இடது கண்ணாடியில் ஒரு கீறல்;
எந்தப் பறவையைப் பார்த்தாலும்
அதன்மேல் ஒரு மயிர் ஒட்டியிருக்கும்.

"இன்னா மேடம், மானத்துல இன்னா தேடுற?"
லாரி ஜன்னலில் டெல்லிபாபுவின் தலை.
"மஞ்சள் வாலாட்டி வந்திருக்கு."
"எந்த வார்டு?"

வடக்குச் சரிவில் கொட்டி முப்பது வருஷம் ஆகிறது.
ஆமணக்கு, எருக்கு, சீமைக் கருவேலம்,
யாரோ தின்று எறிந்த பப்பாளி,
காய்க்கவே காய்க்காத ஒரு மாமரம்.
உள்ளே இரண்டு செண்பகம்
தொண்டையில் தண்ணீர் ஊற்றுவதுபோல் கூப்பிட்டுக்கொள்ளும்.
காடுதான். காலடியில் பூமிக்குப் பதில்
பாலித்தீன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய பதிவேட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்:
உண்ணிக்கொக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, புல்டோசர் பின்னாடி.
தகைவிலான் கம்பி முழுக்க.
கரும்பருந்து: எண்ண முயன்றேன், லாரி வந்துவிட்டது.

ஒருமுறை நாகலாபுரம் மலைக்குப் போனேன்,
அடையாறுக்காரர்கள் வேனில் இடம் கொடுத்தார்கள்.
ஓடை, நிஜமான பாறை, எல்லோரும் கிசுகிசுப்பாய்.
சுத்தமான காற்றில் எனக்குத் தலைவலி.
"உங்க பக்கம் என்ன பார்ப்பீங்க?" என்றார் தொப்பி வைத்த ஒருவர்.
பருந்து என்றேன்.
"பருந்து எங்கேயும் இருக்குமே."
சாயங்காலம் நானூறு பருந்து ஒன்றாய்ச் சுழலும்போது
புகைக்கே தலைசுற்றுவதை
அவரிடம் சொல்லவில்லை. இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

இந்த ஐப்பசி, இரவெல்லாம் மழை.
விடியலில் முதல் வண்டிக்கு முன்னால்
மேடையின் இரும்புத் தகட்டில் ஏதோ குதித்தது.
எலி என்றுதான் நினைத்தேன்.

பச்சை முதுகு. தோளில் ஒரு துண்டு நீலம்.
கண்ணுக்கு மை. வால் வைக்க மறந்ததுபோல் உடம்பு.
அடிவயிற்றில் சிவப்பு,
ஈரத் தகட்டில் அதன் நிழலும் சிவந்தது.
ஆறுமணிக் குருவி.
இமயத்தின் காலடியிலிருந்து தெற்கே போகிற வழி,
இரவில் பறந்து எங்கள் விளக்கில் விழுந்திருக்கிறது.

பைனாகுலரைத் தொடவில்லை. கீறல் இல்லாமல் பார்த்தேன்.

டெல்லிபாபு ஹாரன் அடித்தான்.
கை காட்டினேன். என்னவோ புரிந்து
என்ஜினை அணைத்தான்.
பின்னால் நின்ற மஸ்தானும் அணைத்தான்.
அதற்கும் பின்னால் நாலைந்து வண்டி,
திட்டிவிட்டு அணைத்தார்கள்.
வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

திரையைப் பார்த்தேன்:
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
பத்து கிலோவுக்குக் கீழே அந்த மேடைக்குக் கண் தெரியாது.

ஒரு புழுவை இரண்டு தரம் தட்டி விழுங்கிற்று.
ஆறு அடித்தது. அது கத்தவில்லை,
ஷிப்ட் மாறுகிற சங்குதான் கத்தியது.
தத்தித் தத்தித் தகட்டின் விளிம்பைத் தாண்டி
ஆமணக்குக்குள் போனது.

டெல்லிபாபு மேடையில் ஏறினான்.
பதினான்காயிரத்து அறுநூற்றிருபது.
சீட்டை வாங்கும்போது, வழக்கத்துக்கு மாறாய் மெதுவாக,
"வெளியூர் வண்டி போல கீது" என்றான்.

தெற்குப் பக்கத்தில் மலையைச் சலிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.
மண் தனி, துணி தனி, கல் தனி.
சமதரையாக்கப் போகிறார்களாம், நல்லதுதான்,
என் மகனுக்கு இழுப்பு குறையும்.
வடக்குச் சரிவுக்கு எப்போது வருவார்கள் என்று
கேட்கவேண்டும் என்றிருக்கிறேன்,
இன்னும் கேட்கவில்லை.