ஒரு ஸ்டார்ட்

புத்தூர் தாண்டி, மாம்பழக்கூழ் ஆலையின்
பின்புறத் தகரக் கொட்டகையில்
தார்ப்பாய் போர்த்தி நின்றது.
சீசன் முடிந்து மூன்று மாதம்.
இருந்தும் தரை செருப்பில் ஒட்டியது.

"ஓனர் கம்பெனி வேலைக்கு மட்டும்தான் பறந்தாரு.
பெங்களூரு, திருப்பதி, மறுபடி பெங்களூரு"
என்றார் தரகர் பீமய்யா.
லாக் புக்கை இரண்டு கையாலும் நீட்டினார்
சீர்த்தட்டு மாதிரி.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு மணி நேரம்.
இரண்டாயிரத்து முந்நூறு ஸ்டார்ட்.
ஐந்து இருக்கை, ஒற்றை இஞ்சின்.
பிளேடுக்கு இன்னும் வயசிருக்கிறது.
டர்பைன் சக்கரத்துக்கும் இருக்கிறதாம்.

முதலில் வால்.
இரண்டு விரலால் தட்டிக்கொண்டே போனேன்
ரிவெட் ரிவெட்டாக.
ஓர் இடத்தில் மட்டும் பெயிண்ட் இளசு.
"இன்னாம்மா, புத்தூர் கட்டு போட்டுக்கீதா?"
கேட்டவர் தணிகாசலம், வாங்க வந்தவர்.
நகரியில் நூற்றெண்பது விசைத்தறி.
சிரிக்காமல்தான் கேட்டார்.

காந்தப் பிளக்கைக் கழற்றி
வெள்ளைத் துணியில் துடைத்தேன்.
மீசை மயிர்க் கனத்தில் ஒரு துகள். அது பரவாயில்லை.
போரோஸ்கோப்பை உள்ளே விட்டு
சின்னத் திரையில் சக்கரத்தைப் பார்த்தோம்.
இலையிலையாய் உலோகம்,
நுனிகளில் ஒரு மாதிரிப் பழுப்பு.
எழுதியதைவிடக் கூடத்தான் வெந்திருக்கிறது.
எவ்வளவு கூட என்று
இரும்பு சொல்லாது.

"ஒரே இஞ்சினாச்சே. நின்னுட்டா?"
"விழும்போது காத்தே விசிறியைச் சுத்தும் சார்.
அந்தச் சுத்தைச் சேர்த்துவெச்சு
கடைசி ரெண்டாள் உயரத்துல செலவழிக்கணும்."
"சேர்த்துவெச்சு செலவழிக்கறவன்" என்றார்,
"எங்க கெடைக்கிறான் இப்ப."
தூரத்தில் நகரி மலையின் மூக்கைக்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மந்திரிகள் ஒற்றை இஞ்சினில் ஏற மாட்டார்களாம்.
பரவாயில்லை, அவருக்குக் கும்பாபிஷேகம் போதும்.
எல்லைக்கு இரண்டு பக்கமும்
கோபுரத்துக்கு மூன்று சுற்று, பூ தனிக்கணக்கு.
நடுவில் மாப்பிள்ளைகளை இறக்கலாம்.
நூல் விலை ஏறிச்சு, கரண்ட் பில் ஏறிச்சு,
இதுவாவது எனக்காக ஏறட்டுமே என்று
காரில் வரும்போது சொன்னார்.

பிறகு பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்.
குனிந்து, மிதியடியைத் தூக்கி,
இருக்கைத் தண்டவாளத்தின் இடுக்கிலிருந்து
நகத்தால் எதையோ நோண்டி எடுத்தார்.
பீடித் தூள் போலிருந்தது.
தண்ணீர் பாட்டில் மூடியில் ஊறப் போட்டுவிட்டு
யாரிடமும் பேசாமல் இருந்தார்.
மெல்ல விரிந்தது.
சாமந்தி.

"பெங்களூரு, திருப்பதி" என்றார் பீமய்யாவிடம்,
"மறுபடி பெங்களூரு."

எனக்கு அப்போதுதான் பழுப்பு புரிந்தது.
பத்து நிமிஷம் பூ. இறங்கு, நிறுத்து,
கூடை ஏற்று, மறுபடி ஸ்டார்ட்.
மணி குறைவு, நெருப்பு அதிகம்.

"என் தறியிலயும் மீட்டர் இருக்குதுங்க.
அங்க ஓடாததை ஓடினதா காட்டுவான் ஆளு.
இங்க ஓடினதை ஓடலன்னு காட்றான் ஓனரு.
வெரல் ஒண்ணுதான்."
நாலரைக் கோடி சொல்லியிருந்த பீமய்யா
யாரும் கேட்காமலே
மூணே முக்கால் என்றார்.

வெளியே தள்ளிக் கொண்டுவந்து
நான்தான் சுவிட்சைப் போட்டேன்.
முள் சிவப்புக்கோட்டை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கியது.
காலி டிரம்கள் அதிர்ந்தன.
ஆலை நாய் ரோட்டைத் தாண்டி ஓடிப்போனது.
நான்கு நிமிஷம். அணைத்தேன்.
பிளேடுகள் தொங்கி, நின்றன.

தணிகாசலம் லாக் புக்கை டிரம் மேல் விரித்து
பேனாவைப் பீமய்யா கையில் கொடுத்தார்.
"எழுதுங்க."
"சும்மா ஓட்டிப் பார்த்ததுதானே சார்,
ஒரு ஸ்டார்ட்டு."
"ஆமா. ஒண்ணு."

மை காயும்வரை
புத்தகத்தை அவர் மூட விடவில்லை.